துணைப்பயிரின் கணக்கு

போன ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, மயிலாப்பூரில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில், அத்தை ஒரு செண்டுமல்லி மொட்டைக் கிள்ளி என் உள்ளங்கையில் வைத்தாள். மொட்டின் பக்கவாட்டில் ஊசி நுழைந்த மாதிரி ஓர் ஓட்டை. பிரித்தால் உள்ளே பச்சையாக ஒரு புழு சுருண்டு கிடந்தது.

"தக்காளிக்கு வர வேண்டியது. இது வாங்கிக்கிச்சு" என்றாள். புழுவைக் குச்சியால் எடுத்துச் சோப்புத் தண்ணீர் டப்பாவில் போட்டுவிட்டு அடுத்த தொட்டிக்குப் போய்விட்டாள்.

நான் அந்த மொட்டை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். முந்தின நாள் இரவுதான், எங்கள் பழைய வீட்டை இடித்து அடுக்ககம் கட்டக் கொடுக்கும் திட்டத்துக்காக ஓர் எக்செல் தாள் தயாரித்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டிருந்தேன். யாருக்கு எத்தனை சதுர அடி, இடைக்கால வாடகை எவ்வளவு, பதிவுச் செலவு எவ்வளவு எல்லாம் அதில் இருந்தது. அத்தையும் அந்தக் குழுவில் இருக்கிறாள். கட்டைவிரலை உயர்த்தியிருந்தாள்.

அந்தத் தாளில் என்ன தப்பு என்று எனக்குப் புரிந்தது செண்டுமல்லியால்தான். அதனால் முதலில் செடிகளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

*

மாடித்தோட்டம் போடுகிற எல்லோருக்கும் ஒரு கட்டத்தில் இந்தப் பித்து பிடிக்கும்: எந்தச் செடிக்குப் பக்கத்தில் எந்தச் செடியை வைப்பது? எனக்கு 2020 ஊரடங்கில் பிடித்தது. அலுவலகம் வீட்டுக்குள் வந்துவிட்டது. கூட்டத்துக்கும் கூட்டத்துக்கும் நடுவில் மாடிக்கு ஓடிவிடுவேன். அதுவரை மாடி அத்தையுடையது. அவளுடைய நாற்பது தொட்டிகளுக்கு நடுவில் நான் தென்னை நார்க்கழிவு நிரப்பிய வளர்பைகளோடும் இணையத்தில் பொறுக்கிய பட்டியல்களோடும் போய் நின்றேன்.

பட்டியல்களுக்குப் பஞ்சமே இல்லை. லூயிஸ் ரியோட் என்ற அமெரிக்கர் 1975-ல் எழுதிய புகழ்பெற்ற புத்தகத்தின் தலைப்பே 'கேரட்டுக்குத் தக்காளியைப் பிடிக்கும்' என்கிற மாதிரிதான். வட அமெரிக்கப் பூர்வகுடிகள் மக்காச்சோளம், பீன்ஸ், பூசணி மூன்றையும் ஒன்றாக நட்டு 'மூன்று சகோதரிகள்' என்பார்கள். சோளத்தண்டில் பீன்ஸ் ஏறும், பூசணி இலை தரையை மூடிக் களையை அடக்கும். நம்மூர் மானாவாரிக் காட்டில் கடலைக்குள் துவரை, சோளத்துக்குள் தட்டைப்பயறு என்று ஊடுபயிர் போடுவதும் அந்த அறிவுதான்.

ஆனால் பட்டியலில் இருக்கிற எல்லாமே நிற்பதில்லை. துளசியைப் பக்கத்தில் வைத்தால் தக்காளிக்கு ருசி கூடும் என்று படித்து இரண்டு வருடம் வைத்துப் பார்த்தேன். கண்ணைக் கட்டிச் சாப்பிடச் சொன்னதில் வீட்டில் ஒருவருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. பயறு வகைகள் பக்கத்துச் செடிக்குத் தழைச்சத்து கொடுக்கும் என்பதும் பாதிதான் உண்மை. அவற்றின் வேர்முடிச்சில் இருக்கும் ரைசோபியம் பாக்டீரியா காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடிப்பது நிஜம். ஆனால் பிடித்ததில் பெரும்பகுதியைச் செடி தனக்கே வைத்துக்கொள்கிறது. அண்டைச் செடிக்கு அது முக்கியமாகப் போய்ச் சேர்வது, பயறு செத்து, வேரும் இலையும் மண்ணில் மக்கிய பிறகு. மாடியில் தட்டைப்பயறை ஒரு பையிலும் கத்தரியை ஒரு பையிலும் வைத்துவிட்டு, ஒன்று இன்னொன்றுக்கு உரம் போடும் என்று நம்பினால், இடையில் இருக்கும் பிளாஸ்டிக் சிரிக்கும்.

செண்டுமல்லி விஷயத்திலும் இப்படித்தான். அதன் வேரில் சுரக்கும் ஒரு பொருள் மண்ணில் இருக்கும் நூற்புழுக்களைக் கொல்லும் என்பது ஆய்வுகளில் தெரிந்தது. ஆனால் அதற்கு ஒரு பருவம் முழுக்க நெருக்கமாகச் செண்டுமல்லி போட்டு, அதற்குப் பிறகு தக்காளி நட வேண்டும். ஓரத்தில் இரண்டு செடி வைத்தால் அழகாக இருக்கும், அவ்வளவுதான்.

தக்காளி ஓரத்தில் நிற்கும் செண்டுமல்லி உண்மையாகவே உதவுவது வேறு விதத்தில். காய்ப்புழுவின் தாய் அந்துப்பூச்சிக்குத் தக்காளியைவிடச் செண்டுமல்லிப் பூவும் மொட்டும் பிடிக்கும். முட்டையை அங்கே போய் இடும். பெங்களூரில் இருக்கும் இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் இதை வயலில் சோதித்து ஒரு முறையாகவே ஆக்கியது: 16 வரிசைத் தக்காளிக்கு 1 வரிசைச் செண்டுமல்லி. தக்காளி நாற்று 25 நாள் வயதில் நடும்போது செண்டுமல்லி நாற்று 40, 45 நாள் வயதில் இருக்க வேண்டும். அப்போதுதான் தக்காளி பூக்கும் நேரத்தில் அதுவும் பூத்து நிற்கும். பூச்சி வரும்போது இது தயாராக இருக்க வேண்டும்.

இதற்குப் பெயர் துணைப்பயிர் இல்லை. பொறிப்பயிர். எலிப்பொறி என்கிறோமே, அந்தப் பொறி. நிலக்கடலை வயலைச் சுற்றி ஆமணக்கு வைப்பதும் இதற்காகத்தான். வெட்டுப்புழுவின் தாய்ப்பூச்சி ஆமணக்கு இலையில் கொத்தாக முட்டை வைக்கும். விவசாயி வரப்போரமாக நடந்து அந்த இலைகளைக் கிள்ளி அழித்துவிடுவார். உள்ளே கடலை பாட்டுக்கு வளரும்.

*

பொறிப்பயிரைப் பற்றிப் படித்ததும் எனக்குச் சின்னதாக ஓர் உறுத்தல். செடிக்கு வலிக்குமா என்ற கேள்வி இல்லை அது. செண்டுமல்லிக்கு வலி உண்டு என்று நான் நினைக்கவில்லை. உறுத்தியது நாம் பேசுகிற பாஷை. கடிபடுவதற்கென்றே ஒன்றை நட்டுவிட்டு அதைத் 'துணை' என்கிறோம்.

தமிழில் துணை ரொம்பப் பெரிய சொல். குறளில் 'வாழ்க்கைத் துணைநலம்' 6-வது அதிகாரம், 'பெரியாரைத் துணைக்கோடல்' 45-வது. கடிதத்தின் தலைப்பில் 'கடவுள் துணை' என்று எழுதுகிறோம். அதே சொல்லைத் துணைவேந்தர், துணை ஆட்சியர் என்று ஒரு படி கீழே இருப்பவருக்கும் வைக்கிறோம். அப்புறம் வீட்டில் சொல்வது: "ராத்திரி தனியா இருக்க வேண்டாம், துணைக்கு யாரையாவது கூப்பிட்டுக்கோ." இங்கே துணைக்கு வருபவருக்குப் பெயர்கூடத் தேவையில்லை. யாராவது போதும்.

எங்கள் வீட்டில் அத்தையைப் பற்றிச் சொல்லும்போது எல்லோரும் இந்த மூன்றாவது அர்த்தத்தில்தான் சொன்னார்கள். "பாட்டிக்கு அவதான் துணை."

அத்தை இராணி மேரி கல்லூரியில் தாவரவியல் படித்தவள். அண்ணா சாலையில் ஒரு தனியார் அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் வேலை பார்த்தாள். கல்யாணம் தள்ளிக்கொண்டே போய், பிறகு அந்தப் பேச்சே நின்றுபோனது. 1996-ல் பாட்டிக்குப் பக்கவாதம் வந்தபோது அவளுக்கு வயது 39. எனக்கு 8. பெரியப்பா மும்பையில். அப்பா, அம்மா இரண்டு பேருக்கும் வேலை. யார் வீட்டில் இருப்பது என்று ஒரு கூட்டம் போட்டுப் பேசினதாக எனக்கு நினைவில்லை. அத்தை வேலையை விட்டாள். பாட்டி இறந்தது 2011-ல். பதினைந்து வருடம்.

அந்தப் பதினைந்து வருடத்தில் அம்மா பள்ளிக்கூட வேலையில் தலைமை ஆசிரியை வரை போனாள். நான் பொறியியல் படித்தேன். பெரியப்பா மும்பையில் வீடு வாங்கினார். பாட்டிக்கு முதுகில் ஒரு புண் வந்ததில்லை. மருத்துவர்களே வியந்து சொன்னார்கள். சாயங்காலம் பாட்டி கண்ணயரும் இருபது நிமிடம் அத்தை மாடிக்குப் போவாள். தொட்டிகள் அப்படித்தான் ஒவ்வொன்றாகச் சேர்ந்தன. தண்ணீர்த்துறை மார்க்கெட்டில் வாங்கிவந்த தக்காளியில் அழுகினது இருந்தால் அதைக்கூட நசுக்கி மண்ணில் போடுவாள். அதுதான் விதை.

எங்களுக்கு வர வேண்டியதை அவள் வாங்கிக்கொண்டாள். நாங்கள் பாட்டுக்கு வளர்ந்தோம்.

*

இனி என் எக்செல் தாள்.

தாளில் பங்குக்கு இரண்டு கட்டங்கள்: பெரியப்பா, அப்பா. பாதி, பாதி. அத்தைக்கு? கீழே 'குறிப்பு' என்று ஒரு வரி: "அத்தை நம்மோடு இருப்பார்." இடைக்காலத்தில் வாடகை வீடு பார்க்கும்போது ஓர் அறை கூடுதலாக வேண்டும் என்பதால் அவள் 'செலவுகள்' பக்கத்தில் வருகிறாள். இதை நான் கெட்ட எண்ணத்தோடு செய்யவில்லை. அதுதான் எனக்கு இன்னும் சங்கடம். நாற்பது தடவை சரிபார்த்தேன். எல்லாச் சூத்திரமும் சரியாக இருந்தது.

வேளாண் ஆய்வாளர்கள் ஊடுபயிரை மதிப்பிட 'நிலச் சமன் விகிதம்' என்று ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். எளிமையானது. ஒரு ஏக்கரில் கடலை மட்டும் போட்டால் 10 மூட்டை, துவரை மட்டும் போட்டால் 5 மூட்டை வரும் என்று வைத்துக்கொள்வோம். இரண்டையும் சேர்த்துப் போட்டதில் கடலை 8, துவரை 3. கடலைக்கு 0.8, துவரைக்கு 0.6. கூட்டினால் 1.4. அதாவது, இதே விளைச்சலைத் தனித்தனியாக எடுக்க 1.4 ஏக்கர் வேண்டும். சேர்த்துப் போட்டது லாபம்.

இந்தக் கணக்கில் எனக்குப் பிடித்த விஷயம், ஒவ்வொரு பயிரும் தன் பெயரில் ஒரு பின்னமாக நிற்கிறது. கீழே, பகுதியில் இருப்பது, அது தனியாக வளர்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற எண். துவரையைப் பற்றிப் பேசும்போது கடலைக்கு அது என்ன செய்தது என்று மட்டும் கேட்பதில்லை. தானாக இருந்திருந்தால் எவ்வளவு என்றும் கேட்டாக வேண்டும்.

பொறிப்பயிருக்கு இந்தக் கணக்கில் பெரும்பாலும் இடமே இருக்காது. அது பூச்சிமருந்துக்குப் பதிலாக வருகிற செலவு. விதைக்கு இவ்வளவு, அது அடைக்கிற இடத்தால் இவ்வளவு நஷ்டம், மிச்சமான மருந்துச் செலவு இவ்வளவு. ஆக, ஒரே செண்டுமல்லியை இரண்டு விதமாக எழுதலாம். பூவைப் பறித்துச் சந்தைக்கு அனுப்பும் விவசாயி அதற்கென்று வரவில் ஒரு வரி போடுவார். புழுவுக்காக மட்டும் வைத்தவர் செலவில் போடுவார். வயலில் செடி ஒன்றுதான். ஊடுபயிரா பொறிப்பயிரா என்பது கணக்குப் புத்தகத்தில் எங்கே எழுதுகிறோம் என்பதில் இருக்கிறது.

நான் அத்தையைச் செலவில் எழுதியிருந்தேன்.

அவளுடைய பகுதியில் வர வேண்டிய எண்ணை நான் யோசித்ததே இல்லை. வேலையில் தொடர்ந்திருந்தால் ஓய்வு பெறும்போது என்ன பதவி, எவ்வளவு வைப்பு நிதி, எங்கெல்லாம் போயிருப்பாள்? இதை இப்போது யாராலும் நிரப்ப முடியாது. ஆனால் நிரப்ப முடியாத கட்டத்தைக் காலியாக விடுவது ஒன்று, கட்டமே போடாமல் விடுவது இன்னொன்று.

அந்த விகிதத்திலும் ஒரு குறை உண்டு. கடைசியில் கூட்டிவிடுகிறார்கள். ஒரு பயிர் 1.2, இன்னொன்று 0.3 என்றால் மொத்தம் 1.5. முன்னதைவிட நல்ல எண். 0.3-க்கு என்ன ஆயிற்று என்பது கூட்டலில் மறைந்துபோகும். ஜான் ரால்ஸ் 1971-ல் வெளிவந்த தன் நீதிக் கோட்பாட்டு நூலில், மொத்த நன்மையைப் பெருக்கினால் போதும் என்பவர்கள் மேல் வைத்த முக்கியமான குற்றச்சாட்டு இதுதான்: மனிதர்கள் தனித்தனி ஆட்கள் என்பதை அவர்கள் மறந்துவிடுகிறார்கள். வயலில் கூட்டினால் தப்பில்லை. கடலைக்கும் துவரைக்கும் சொந்தக்காரர் ஒரே ஆள், லாபம் ஒரே பைக்குள் போகிறது. குடும்பத்தில் அப்படிக் கூட்ட முடியாது. ஆனால் நாம் கூட்டுகிறோம். "நம்ம குடும்பம் நல்லா வந்துடுச்சு" என்கிற வாக்கியம் அந்தக் கூட்டல்தான்.

*

சட்டம் இதில் என்னைவிடத் தெளிவாக இருந்தது. வீடு தாத்தா தன் சம்பாத்தியத்தில் வாங்கியது. 1994-ல் உயில் எழுதாமல் இறந்தார். 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவி, மகன்கள், மகள் எல்லோருக்கும் சம பங்கு. பாட்டிக்குப் பிறகு அவர் பங்கும் மூன்று பேருக்கும் சமம். ஆக மூன்றில் ஒன்று அத்தையுடையது. இதில் வாதத்துக்கே இடமில்லை.

அந்தச் சட்டத்தில் 23-ஆவது பிரிவு என்று ஒன்று இருந்தது. குடும்பம் குடியிருக்கும் வீட்டை, ஆண் வாரிசுகள் பிரித்துக்கொள்ளத் தீர்மானிக்கும் வரை, பெண் வாரிசு பிரித்துக் கேட்க முடியாது. கல்யாணமாகாத மகளுக்கு அங்கே குடியிருக்கும் உரிமை மட்டும் உண்டு. இருக்கலாம், கேட்கக் கூடாது. 2005 திருத்தத்தில் அதை எடுத்துவிட்டார்கள். சட்டப் புத்தகத்திலிருந்து போனது என் எக்செல் தாளில் குறிப்பாக உட்கார்ந்திருந்தது: "அத்தை நம்மோடு இருப்பார்."

கட்டுமானக்காரரின் ஆளுக்கும் இதெல்லாம் தெரியும். அதனால்தான் முதல் சந்திப்பிலேயே கேட்டார், "அந்தம்மா ஒரு விடுதலைப் பத்திரம் எழுதிக் குடுத்துடுவாங்க இல்ல சார்?" அப்பா, "அதெல்லாம் பிரச்சினை இல்ல" என்றார். நானும் தலையாட்டினேன். அத்தை அப்போது உள்ளே காபி கலந்துகொண்டிருந்தாள்.

*

இதற்கு ஒரு நல்ல எதிர்வாதம் உண்டு. நண்பர் ஒருவரிடம் சொன்னபோது அவர் கேட்டார்: "பாசத்துல செஞ்சதுக்கு நீ பில் போடுறியே? அவங்க அதைத் தியாகம்னுகூட நினைச்சிருக்க மாட்டாங்க. பங்குன்னு பேசினா அந்தப் பதினஞ்சு வருஷமும் கூலி மாதிரி ஆயிடாதா?"

இந்தக் கேள்வியை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. அத்தை பாட்டியைக் குளிப்பாட்டித் தலை துவட்டிவிடுவதைப் பார்த்தவன் நான். அதற்கு மணிக்கு இத்தனை ரூபாய் என்று ஒரு கட்டம் போட்டால் அந்தத் தாளை நானே கிழித்துவிடுவேன்.

ஆனால் மூன்றில் ஒரு பங்கு அந்தப் பதினைந்து வருடத்துக்கான கூலி இல்லை. பாட்டியைப் பார்த்துக்கொள்ளாமல் அவள் டெல்லிக்கு வேலைக்குப் போயிருந்தாலும் அந்தப் பங்கு அவளுடையதுதான். நாங்கள் செய்ததோ நேர்மாறு. கூடவே இருந்ததால், கேட்காததால், அவளுக்கு உரியதையே இல்லை என்று ஆக்கிவிட்டோம். வெளியூருக்குப் போன பெரியப்பாவுக்குக் கட்டம் இருக்கிறது. நகராமல் இருந்தவளுக்கு இல்லை.

தியாகம் என்பதையும் இப்படித்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. ஒருவர் தன்னுடையதைக் கொடுத்தால்தான் அது கொடுப்பது. முதலில் அது அவருடையது என்று எல்லோரும் ஒப்புக்கொள்ள வேண்டும். அதற்குப் பிறகு அத்தை, "வேண்டாம், பசங்க வெச்சிக்கட்டும்" என்று எழுதிக் கொடுத்தால் அதன் முன்னால் நான் கைகட்டி நிற்பேன். அவள் பெயரே இல்லாத தாளை நீட்டி, அதில் அவள் கட்டைவிரல் உயர்த்தியதைத் தியாகம் என்று சொன்னால், அது செண்டுமல்லி தக்காளிக்காகத் தியாகம் செய்தது என்பதைப் போலத்தான். அது நின்ற இடத்தைத் தீர்மானித்தது வேறு யாரோ.

கான்ட் 1785-ல் சொன்னது நினைவுக்கு வருகிறது: மனிதர்களை ஒருபோதும் வெறும் கருவியாக மட்டும் நடத்தாதே. அதில் 'மட்டும்' என்ற சொல் முக்கியம். ஒருவரையொருவர் பயன்படுத்திக்கொள்ளாத வீடு கிடையாது. நானும் பலருக்குப் பயன்படுகிறேன். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பயன்பட்டதைத் தாண்டி அந்த ஆளுக்கென்று ஒரு வரி எங்காவது இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

2019 கோடையில் சென்னையில் ஏரிகள் வறண்டு, லாரித் தண்ணீருக்கு வாரக்கணக்கில் காத்திருந்தோம். அத்தை அரிசி கழுவின தண்ணீரையும் காய் அலசின தண்ணீரையும் சேர்த்துவைத்து மாடிக்குக் கொண்டுபோவாள். கத்தரிக்கு ஒரு சொம்பு, பக்கத்தில் இருந்த செண்டுமல்லிக்கும் ஒரு சொம்பு. "இருக்கிற தண்ணில இதுக்கு எதுக்கு அத்தை?" என்று கேட்டேன். "அதுவும் செடிதானே" என்றாள்.

*

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தாளைத் திருத்தினேன். மூன்று கட்டம். குறிப்பை அழித்தேன். குழுவில் போட்டதும் ரொம்ப நேரம் யாரும் பேசவில்லை. ராத்திரி பெரியப்பா அழைத்தார். "அவளே கேக்கல. நீ எதுக்குப்பா இதைக் கிளப்புற?" கோபமாகச் சொல்லவில்லை, களைப்பாகச் சொன்னார். அவருக்கு எழுபத்தைந்து வயது. சென்னையில் ஒரு வீடு வந்தால் திரும்பி வந்து மாட வீதியில் நடக்கலாம் என்ற ஆசை அவருக்கு இருக்கிறது. பாதி, மூன்றில் ஒன்றானால் அந்த வீட்டில் ஒரு படுக்கையறை குறைகிறது. அந்த இழப்பும் நிஜம்தான். அப்பா இரண்டு நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை.

அத்தையிடம் நான் நேராகப் போய்ச் சொன்னேன். சிரித்தாள். "எனக்கு எதுக்குடா பங்கு? உங்களோடதானே இருக்கப் போறேன்."

எனக்கு ஏமாற்றமாகவும் இருந்தது, உள்ளூர ஒரு நிம்மதியாகவும் இருந்தது. அந்த நிம்மதியை நான் கவனித்தேன். அவள் வேண்டாம் என்று சொன்னால் எல்லாம் சுலபமாக முடிந்துவிடும் என்று எனக்குள் ஒருவன் காத்திருந்திருக்கிறான்.

புதன்கிழமை சாயங்காலம் மாடியில், காய்ந்த செண்டுமல்லிப் பூக்களைப் பிரித்து விதை எடுத்துக்கொண்டிருந்தாள். பழைய கல்யாணப் பத்திரிகைக் கவரில் போட்டு மேலே தேதி எழுதுவாள். என் பக்கம் திரும்பாமலே கேட்டாள்:

"மூணுல ஒண்ணுன்னா எத்தனை சதுர அடி வரும்?"

சொன்னேன்.

"யு.டி.எஸ்.ல என் பேரும் தனியா வரும்ல? சும்மா வாய் வார்த்தையா இல்லாம."

"வரும் அத்தை."

"மொட்டை மாடி பொதுவா இருக்கும். தொட்டி வைக்க விடுவாங்களான்னு ஒப்பந்தத்துல எழுதச் சொல்லு." கொஞ்சம் நிறுத்தி, "அப்புறம் நான் யாருக்குக் குடுக்கறேன்னு நான் பாத்துக்கறேன்" என்றாள்.

கணக்குப் பிரிவில் வேலை பார்த்தவள். பிரிபடாத பங்கு என்றால் என்ன என்று எனக்கு முன்னாலேயே அவளுக்குத் தெரிந்திருக்கிறது. முதல் தாளைப் பார்த்து கட்டைவிரல் உயர்த்தியபோதும் தெரிந்துதான் இருந்திருக்கும்.

ஒப்பந்தம் இன்னும் கையெழுத்தாகவில்லை. பேச்சு நடக்கிறது. இதற்கிடையில் அடுத்த பருவத்துக்கு நாற்றுவிட வேண்டும். நான் தக்காளி விதைப் பாக்கெட்டை எடுத்தேன். அத்தை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, தேதி எழுதிய கவரை நீட்டினாள்.

"முதல்ல இது. தக்காளிக்கு இன்னும் மூணு வாரம் இருக்கு."